கடற்குதிரைக்கு முன்னே ஆறு கிழமை

ஸ்காபரோவிலிருந்து ஒரு தாயார் எமக்கு எழுதியிருக்கிறார். பத்து வயது மகன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுடன் மீன்காட்சிச் சாலைக்குப் போய்க் கடற்குதிரையைக் கண்டுவிட்டு வந்தானாம். அன்று தொடக்கம் வீட்டில் வேறு பேச்சில்லை. பிறந்தநாளுக்கு இன்னும் இரண்டு கிழமைதான் இருக்கிறது, ஒரு தொட்டியும் இரண்டு கடற்குதிரையும் வாங்கிக் கொடுக்கலாமா, தங்கமீனைப் போல் வைத்திருக்கலாமா என்று கேட்கிறார்.

வைத்திருக்கலாம். ஆனால் இரண்டு கிழமையில் முடியாது. தங்கமீனைப் போலவும் முடியாது. பிறந்தநாளுக்குத் தொட்டியை மட்டும் கொடுங்கள் என்பதே எமது பதில். ஏன் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதைச் சொல்லும் தகுதி எமக்கு ஒரு பிழையால் வந்தது. 2006 ஆம் ஆண்டு மாரிகாலம். கடையொன்றில் ஒரு சோடி கடற்குதிரையைக் கண்டோம், ஆசைப்பட்டோம், வாங்கிவிட்டோம். வீட்டில் உப்புநீர்த் தொட்டி நிரப்பிப் பத்து நாள்கூட ஆகவில்லை. அதில் ஏற்கெனவே இரண்டு கோமாளி மீன்கள். ஒன்றும் செய்யாது என்று கடையில் சொன்னார்கள், நாமும் நம்பினோம். உறைந்த இறாலைப் போட்டால் கோமாளி மீன்கள் பாய்ந்து முடித்துவிடும். கடற்குதிரைகளோ அதை உணவென்றே மதிக்கவில்லை. அவை கடலில் பிடிக்கப்பட்டவை, அசைந்து திரியும் உயிருள்ள இரையைத்தான் அறிந்தவை என்பது எமக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒன்பதாம் நாள் பெண் செத்தது. ஆண் இன்னும் ஐந்து நாள் இருந்தது. செத்தபோது அதன் வால் மின்சூடாக்கியைச் சுற்றியபடி இருந்தது. சுற்றியிருந்த இடம் வெந்து வெளிறிப்போயிருந்தது. “பசியிலோ அப்பா செத்தது?” என்று மகள் கேட்டாள். ஓம் என்று சொல்ல எமக்கு வாய் வரவில்லை.

கடற்குதிரைக்கு இரைப்பை கிடையாது. பல்லும் கிடையாது. குழல் போன்ற வாயால் இரையை உறிஞ்சி முழுதாக விழுங்கும். விழுங்கியது குடலூடாக வேகமாகப் போய்விடும். சேர்த்துவைத்துச் சமிக்கும் வசதி அதற்கு இல்லை. ஆகவே ஒரு நாளைக்கு இரண்டு தடவையாவது, முடிந்தால் மூன்று தடவை, உணவு கொடுக்க வேண்டும். நீந்துவதிலும் அது மெத்தனம். முதுகுச் செட்டையைப் படபடவென்று அடித்தே மெல்ல நகரும். ஓடிப் பிடிக்கிற மீன்களோடு அதைப் பந்தியில் இருத்தினால் அதற்கு இலையில் ஒன்றும் மிஞ்சாது. அதற்கு இரக்கம் பார்த்து இன்னொரு பிடி இறால் போட்டால், தின்னாமல் கிடப்பது அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். கடற்குதிரைக்குத் தனித்தொட்டிதான் நல்லது. சிறிய நத்தைகள் கூட இருக்கலாம். கடற்சாமந்தி, நண்டு இரண்டும் வேண்டாம். ஒன்று கொட்டும், மற்றது கிள்ளும்.

தொட்டி அகலத்தைவிட உயரம் முக்கியம். சோடி சேரும்போது இரண்டும் வாலைப் பின்னிக்கொண்டு மேலே எழும்பும். அதற்கு இடம் வேண்டும். 45 சென்ரிமீற்றர் உயரத்துக்குக் குறையாமல், ஒரு சோடிக்கு 110 முதல் 120 லீற்றர் கொள்ளக்கூடியதாகப் பாருங்கள். தண்ணீர் மட்டுமே 120 கிலோவுக்கு மேல் வரும். கண்ணாடி, மேசை, கல் எல்லாம் சேர்த்தால் இரண்டு பெரிய ஆட்களின் பாரம். தொடர்மாடியில் இருப்பவர்கள் உறுதியான சுவர் ஓரமாக வையுங்கள். ரீவீ வைத்த பழைய மேசை தாங்காது.

குசினிக்குப் பக்கத்திலும் சுவாமிப் படத்துக்குப் பக்கத்திலும் வைக்க வேண்டாம். காற்றுப் பம்பி அறைக் காற்றைத்தான் உறிஞ்சித் தண்ணீருக்குள் விடுகிறது. சாம்பிராணிப் புகையும் பொரிக்கிற எண்ணெய்ப் புகையும் அந்த வழியாகவே உள்ளே போகும்.

தண்ணீர் விடயத்தில் எங்கள் ஆட்கள் விடுகிற பிழை ஒன்று உண்டு. குழாய்த் தண்ணீரை ஒரு இரவு வாளியில் விட்டால் குளோரின் போய்விடும் என்பார்கள். ரொறன்ரோ நகரத் தண்ணீரில் இருப்பது குளோரமீன். அது ஒரு இரவில் போகாது. அதை நீக்கும் மருந்து கடையில் உண்டு. அல்லது ஆர்ஓ முறையில் சுத்திகரித்த தண்ணீரை வாங்கலாம். அதில் கடல் மீன்களுக்கென விற்கும் உப்பையே கரைக்க வேண்டும். கறிக்குப் போடும் உப்பும் கல்லுப்பும் உதவா. உப்பளவு மானியில் 1.023 க்கும் 1.025 க்கும் இடையில் நிற்கட்டும். தண்ணீர் அள்ளப் புதுப் பிளாஸ்ரிக் வாளி ஒன்றை ஒதுக்கிவையுங்கள். சவர்க்காரம் பட்ட வாளி ஆகாது. ஊரிலிருந்து கொண்டுவந்த செம்புக் குடம் எவ்வளவு அழகானாலும் ஆகாது. உப்புநீரில் கரையும் செம்பு நத்தைக்கும் இறாலுக்கும் நஞ்சு.

இனித்தான் ஆறு கிழமைக் கதை. தொட்டியை நிரப்பி, வடிகட்டியை ஓடவிட்டு, ஒரு துண்டுப் பச்சை இறாலை உள்ளே போடுங்கள். அது அழுகும். அதிலிருந்து அமோனியா உண்டாகும். அமோனியாவைத் தின்னும் பக்ரீரியா மெல்லப் பெருகி அதை நைத்திரைற்று ஆக்கும். இதுவும் நஞ்சுதான். பிறகு இன்னொரு வகைப் பக்ரீரியா வந்து அதைக் கேடு குறைந்த நைத்திரேற்றாக மாற்றும். இந்த இரண்டு கூட்டமும் வடிகட்டியிலும் கல்லிலும் குடியேற நாலு முதல் ஆறு கிழமை எடுக்கும். அதுவரை தண்ணீர் கண்ணுக்குப் பளிங்காகத் தெரிந்தாலும் உள்ளே விட்ட உயிர் தன் கழிவிலேயே மூச்சுமுட்டும். எங்கள் பத்து நாள் தொட்டியில் நடந்ததும் இதுதான். பசியோடு இதுவும் சேர்ந்தது.

சோதனைப் பெட்டி ஒன்று வாங்கி அளவெடுக்கும் வேலையை மகனிடமே கொடுங்கள். கொப்பியில் திகதி போட்டு எழுதட்டும். அமோனியா ஏறி இறங்கும், பின் நைத்திரைற்று ஏறி இறங்கும். இரண்டும் பூச்சியமாகிச் சில நாள் அப்படியே நின்றால் தொட்டி தயார். வெறுந்தொட்டியை ஆறு கிழமை பார்த்து எழுதுகிற பிள்ளை பிறகு காலையில் எழும்பி இறால் போடவும் செய்வான். மூன்றாம் கிழமையே கொப்பியைக் கைவிட்டானானால், அதை அறிந்துகொள்வதும் நல்லதே. உப்புநீரை அகற்றி நன்னீர் நிரப்பித் தொட்டியில் தங்கமீன் விடலாம்.

இடையில் உள் அலங்காரம் செய்யலாம். கடற்குதிரை வாலால் பிடித்து நிற்கும் பிராணி. பிடிக்கப் பிளாஸ்ரிக் செடியோ கடற்பாசியோ இல்லாவிட்டால் அகப்பட்டதைப் பிடிக்கும். எங்கள் ஆண் மின்சூடாக்கியைப் பிடித்தது இதனால்தான். சூடாக்கிக்குக் கூடு போடுங்கள். வடிகட்டியின் உறிஞ்சுவாயில் பஞ்சு கட்டுங்கள். உண்மையில் எங்கள் தொடர்மாடி வீடுகளில் குளிரைவிட வெயில்காலம்தான் தொல்லை. வெப்பநிலை 20 முதல் 23 பாகைக்குள் நிற்க வேண்டும். அதற்கு மேலே போனால் விப்ரியோ என்ற பக்ரீரியா பெருகித் தோலையும் வாலையும் அரிக்கும். யூலை, ஓகஸ்றில் தண்ணீருக்கு மேலாக ஒரு சிறு விசிறியைச் சுழலவிட்டால் இரண்டொரு பாகை குறையும்.

வாங்கும்போது பண்ணையில் பிறந்ததையே கேளுங்கள். கடையில் உங்கள் கண்முன்னே உறைந்த மைசிஸைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். மைசிஸ் என்பது எங்கள் ஊர்க் கூனியைப் போன்ற சிறு இறால். தின்றால் வாங்கலாம், தின்னாவிட்டால் திரும்பி வாருங்கள். புதிதாக வளர்ப்பவர்களுக்கு ஏற்றது ஹிப்போகாம்பஸ் இரெக்ரஸ் என்ற இனம். அது கனடாவின் நோவாஸ்கோஷியாக் கரை தொடக்கம் தெற்கே அத்திலாந்திக் கரையோரமாக வாழ்வது.

பாக்குநீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் வேறு இனங்கள் உண்டு. பேசாலையில் தொழில் செய்த பெரியவர் ஒருவர் எமது தொட்டிக்கு முன்னால் கதிரை போட்டு இருந்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, உயிரோட நிமிர்ந்து நிக்கிறதை இப்பதான் பாக்கிறன். வலையில சருகோட சருகா வரும். காயவிட்டுக் குடுப்பம். மருந்துக்கெண்டு வாங்குவாங்கள்.” அந்த மருந்து வியாபாரம் எவ்வளவு பெரியது என்பதை 1996 இல் விரிவான அறிக்கையாக வெளியிட்டவர் அமண்டா வின்சன்ற் என்ற உயிரியலாளர். அவர் தொடங்கிய புறொஜெக்ற் சீஹோர்ஸ் இன்று வன்கூவரில் உள்ள பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் இயங்குகிறது. இந்தியா 2001 இல் கடற்குதிரையைப் பிடிப்பதையும் விற்பதையும் தடைசெய்தது. 2002 இல் சைட்டிஸ் என்ற சர்வதேச உடன்படிக்கையில் எல்லாக் கடற்குதிரை இனங்களும் சேர்க்கப்பட்டு, 2004 மே மாதம் அது நடைமுறைக்கு வந்தது. இராமேஸ்வரம் போகிறவர்கள் காய்ந்த கடற்குதிரையை நினைவுப்பொருளாக வாங்கிவந்து சிக்கலில் மாட்ட வேண்டாம்.

இன்னும் இரண்டு கேள்வி வீட்டில் கூடிப் பேசித் தீர்க்க வேண்டியவை. வெள்ளிக்கிழமை மச்சம் புழங்காத வீடானால் அன்றைக்கும் உறைபெட்டியில் இறால் இருக்கும், காலையிலும் பின்னேரமும் அதை யாராவது கரைத்துப் போடவேண்டும். அம்மம்மா சம்மதிப்பாவா? அடுத்தது, ஒரு மாதம் ஊருக்குப் போகும்போது யார் பார்ப்பது? தங்கமீனுக்குப் போல ஒரு தானியங்கிப் பெட்டியை மாட்டிவிட்டுப் போக இயலாது. எமக்கு இரண்டு மாடி கீழே இருக்கும் குடும்பம் உதவுகிறது. அவர்கள் போகும்போது அவர்களுடைய கறிவேப்பிலைச் செடிக்கு நாம் தண்ணீர் விடுகிறோம்.

மின்சாரம் நின்றால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே யோசியுங்கள். 2013 டிசம்பரில் பனிப்புயலில் ரொறன்ரோ இருண்டபோது எங்கள் கட்டடத்தில் மூன்று நாள் மின்சாரமில்லை. தொட்டியைச் சுற்றிக் கம்பளி போர்த்தோம். பற்றரிப் பம்பி முதல் இரவோடு நின்றுவிட்டது. பிறகு நாமும் மகளும் முறைபோட்டு, கோப்பையால் தண்ணீரை அள்ளி உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தோம், காற்றுக் கலக்கட்டும் என்று. தண்ணீர் 16 பாகைக்கு இறங்கியது. இரண்டும் ஒரே செடியில் வாலைச் சுற்றி அசையாமல் நின்றன. மூன்றாம் நாள் வெளிச்சம் வந்து சில மணித்தியாலத்தில் ஆண் குதிரை உணவுச் சிப்பிக்கு வந்தது. அதைக் கண்டு மகள் அழுதுவிட்டாள். இம்முறை வேறு காரணத்துக்கு.

காலையில் விளக்கைப் போட்டதும் ஆணும் பெண்ணும் ஒன்றையொன்று தேடிப் போய், நிறம் வெளுத்து, வாலைக் கோத்துச் சிறிது நேரம் சுற்றும். பெண் முட்டையை ஆணின் பைக்குள் இட, சுமந்து குஞ்சு விடுவது தகப்பன். ஒரே தடவையில் நூற்றுக்கணக்கில் விடும். அவற்றில் மிஞ்சுவது மிகச் சில. அந்தச் சிலவற்றுக்கும் புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியாக் குஞ்சை நாளுக்குப் பலதடவை கொடுக்க வேண்டும். அது தனிக் கதை. ஸ்காபரோத் தாயார் ஆறு கிழமை முடிந்ததும் மகனின் கொப்பியில் என்ன இருக்கிறது என்று எமக்கு எழுதினால், அதைப் பற்றி எழுதுவோம்.