அழுபவளின் பாட்டும் நமது அழகியல்வாதிகளும்

காதற் சோகத்துக்குத் தேசமில்லை, வர்க்கமில்லை, காலமுமில்லை என்று சாதிப்போர் ஒருபுறம். பிரிவையும் ஏக்கத்தையும் பாடுவது மக்களை மயக்கும் போதை, போராட்டப் பாதையில் அதற்கு இடமில்லை என்போர் மறுபுறம். முன்னவர் நமது எதிரணியினர். பின்னவர் நமது தோழர்களே. எனினும் இருசாராரும் ஒரே தவற்றையே செய்கின்றனர் என்போம். மனிதனின் கண்ணீரை அவன் வாழும் சமுதாயத்திலிருந்து பிரித்துப் பார்ப்பதே அத்தவறு.

மெக்சிக்கோவின் தென்பகுதியில், வஹாக்கா மாநிலத்தைச் சார்ந்த தெஹுவாந்தெபெக் பூசந்தியிலே வழங்கிவந்த ஸ்பானிய மொழிப் பாடல் 'லா யோரோனா'. 'அழுபவள்' என்பது அதன் பொருள். அதனை ஆக்கியவர் யாரென எவரும் அறியார். முடிந்த வடிவமும் அதற்கில்லை. பாடுவோர் தத்தம் நெஞ்சுக்கேற்ற கண்ணிகளைச் சேர்த்தும் விடுத்தும் பாடினர். சப்போத்தெக் மொழி பேசி வளர்ந்த எழுத்தாளர் அந்திரேஸ் எனெஸ்திரோசா, அதனைப் பரவச் செய்தவருள் ஒருவர்.

இப்பாடலில் வருபவள் மாளிகைச் சீமாட்டியல்லள். அந்நிலத்துப் பழங்குடிப் பெண்கள் அணியும் 'உய்ப்பில்' என்னும் மேலாடை உடுத்தவள். பாடுபவனோ, தன்னைக் 'கறுப்பன்' என அழைக்கும் உலகத்தின்முன் தன் அன்பையே எடுத்துக்காட்டி நிற்பவன். 1521 முதல் 1821 வரை, 300 ஆண்டுகள், ஸ்பானிய ஆட்சி பிறப்பையும் நிறத்தையும் கொண்டு மனிதரைத் தரம்பிரித்த மண் அது. அம்மண்ணிலே எழுந்த இக்குரலை வெறுங் காதற் புலம்பல் என்று ஒதுக்குவது எங்ஙனம்?

சவேலா வர்காஸின் வாழ்வு இதனை மேலும் தெளிவாக்கும். 1919 இல் கொஸ்தாரிக்காவிற் பிறந்து, இளவயதிலேயே மெக்சிக்கோ சென்றவர் அவர். ஆரவாரமான வாத்தியக் கோஷ்டியை ஒதுக்கி, கித்தாரின் துணை கொண்டு பாடினார். காற்சட்டை அணிந்து மேடையேறினார். ஆண் பெண்ணை நோக்கிப் பாடும் காதற் பாடல்களை, சொல்லை மாற்றாது, பெண்ணாக நின்றே பாடினார். பெண் பெண்ணை நேசித்தலைப் பழியாகக் கொண்ட சமுதாயத்திலே, 'லா யோரோனா'வின் ஏக்கம் வெளியிற் சொல்லவொண்ணாத அன்பின் ஏக்கமாயிற்று. அவ்வன்பைத் தமது 81ஆம் வயதில், 2000ஆம் ஆண்டிலேதான் அவர் பகிரங்கமாக அறிவித்தார். 2012 இல் மறைந்தார். பாட்டிலே ஒலித்ததை வாய்திறந்து சொல்ல ஒரு வாழ்நாளே வேண்டியிருந்தது. இத்தாமதத்துக்குப் பொறுப்பு காதலின் 'நித்திய இயல்பு' அன்று. அதனைத் தண்டித்த சமுதாயமே.

2017 இல் வெளிவந்த 'கோகோ' என்னும் அமெரிக்கத் திரைப்படத்தின் வாயிலாக இப்பாடல் உலகெங்கணும் சென்றது. நல்லதே. ஆனால் சந்தைக்கு வேண்டியது இனிய சோகம் மட்டுமே. அதன் காரணத்தை அது விசாரிப்பதில்லை. அவ்விசாரணை நமது கடமை.

ஆகவே, ஆசிரியர்களே, மாணவர்களே! காதற்பாட்டைக் கண்டு நாம் கூசவேண்டியதில்லை. அழுபவள் யார், அவளை அழவைத்தது எது என்று வகுப்பறையிலே கேட்போம். மக்கள் தம் துயரை இட்டுவைத்த பாட்டை அழகியல்வாதிகளிடம் ஒப்படைத்துவிட்டு, அம்மக்களிடமே வெறுங்கையுடன் செல்வது முற்போக்கு ஆகாது.