212 கிலோமீட்டர்

எங்கள் கேரவனைப் போன மாதம் விற்றுவிட்டோம். வாங்க வந்தவர் டயரைக் காலால் தட்டிப் பார்த்தார், கூரையில் ஒழுகல் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். பிறகு, "எவ்வளவு தூரம் ஓடியிருக்கும்?" என்று கேட்டார்.

கேரவனுக்கு மீட்டர் கிடையாது. அதை இழுத்துச் செல்லும் காருக்குத்தான் உண்டு. நான் ஏதோ ஒரு கணக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன். சரியான கணக்கு கிள்ளானில், என் அப்பாவின் மேசை இழுப்பறையில், ஒரு 555 நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது.

2020 ஏப்ரலில் அடிலெய்டில் எனக்கு வேலை போனது. சுற்றுலாத் துறை வேலை. போகாமல் இருந்திருந்தால்தான் அதிசயம். மனைவிக்குக் கணினி வேலை. இணையம் கிடைக்கும் இடமெல்லாம் அவளுக்கு அலுவலகம்தான். வாடகை வீட்டின் ஒப்பந்தம் ஜூலையோடு முடிந்தது. அதே ஜூலை 17ஆம் தேதி வடக்குப் பிரதேசம் தன் எல்லையைத் திறந்தது. இரண்டையும் கூட்டிப் பார்த்தோம். வாடகை கொடுக்கும் காசுக்குப் பெட்ரோல் போடலாம் என்று தோன்றியது. 19 அடி நீளமுள்ள பழைய கேரவன் ஒன்றை வாங்கினோம். யாரும் வெளிநாடு போக முடியாத அந்த ஆண்டில் கேரவன் விலை வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டிருந்தது. மகளுக்கு 11 வயது, மகனுக்கு 7. பள்ளியைத் தொலைக்கல்விக்கு மாற்றினோம்.

ஊரில் எல்லோரும் இதை விடுமுறை என்றே நினைத்தார்கள். நான் மறுக்கவில்லை. மறுத்திருக்க வேண்டும்.

அப்பா 34 ஆண்டுகள் லாரி ஓட்டியவர். கிள்ளான் துறைமுகத்திலிருந்து பாடாங் பெசார் வரை அவருக்குத் தெரியாத ஒட்டுக்கடை இல்லை. அம்மா போன பிறகு அவரும் தங்கையும்தான் அந்த வீட்டில். தங்கை அரசு மருத்துவமனையில் தாதி. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்த சில வாரங்களில் அவளைக் கோவிட் வார்டுக்குப் போட்டார்கள். அப்பாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. தொற்றை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவோமோ என்று பயந்து அவள் விடுதிக்குப் போய்விட்டாள். வாரம் ஒருமுறை வந்து கேட்டில் சாமான் பையை மாட்டிவிட்டு, வெளியே நின்றபடி அப்பாவிடம் பேசிவிட்டுப் போவாள். ஆஸ்திரேலியாவிலிருந்து நானும் போக முடியாது. குடிமக்களானாலும் நிரந்தரவாசிகளானாலும் அனுமதி வாங்காமல் நாட்டை விட்டு வெளியேறக் கூடாது என்று 2020 மார்ச் 25 முதல் தடை இருந்தது.

கிளம்பும் முதல் நாள் அப்பாவை அழைத்தேன். "மீட்டர் எவ்வளவு காட்டுது?" என்றார். 61,204 என்றேன். எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து தினமும் இரவு அவருக்கு ஒரு கணக்குச் சொல்ல வேண்டும்: எங்கிருந்து எங்கே, எத்தனை கிலோமீட்டர். "கடைக்குப் போனதையும் சேத்துச் சொல்லுப்பா. லாரிக்காரன் கணக்குன்னா அதுதான்" என்பார். சிக்னல் இல்லாத இரவுகளின் கணக்கை அடுத்த ஊரில் சேர்த்துக் கொடுப்பேன்.

அடிலெய்டிலிருந்து வடக்கே போகும் சாலை போர்ட் அகஸ்டாவில் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையாகிறது. அங்கிருந்து டார்வின் வரை ஏறக்குறைய 2,700 கிலோமீட்டர். நம் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையை முழுசாக மூன்று முறை ஓட்டினாலும் கொஞ்சம் மிச்சமிருக்கும். சில இடங்களில் 200 கிலோமீட்டருக்கு ஒரு பெட்ரோல் நிலையம். அதுவே கடை, அதுவே சாப்பாட்டுக்கடை, அதுவே தங்குமிடம்.

அப்பாவுக்குப் பிடித்தது அங்கே ஓடும் ரோட் ட்ரெயின். ஒரு லாரித் தலை, அதன் பின்னால் மூன்று டிரெய்லர், மொத்தம் 53 மீட்டருக்கு மேல் நீளம். எதிரே வந்தால் கேரவன் ஒரு குலுங்கு குலுங்கி நிற்கும். நான் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு அப்பா இரண்டு நாள் வேறெதுவும் பேசவில்லை. எத்தனை கியர், டிரைவர் தூங்க எங்கே நிறுத்துவான், ரிவர்ஸ் எடுப்பானா? கூபர் பெடியில் ஓர் ஓட்டுநரிடமே கேட்டேன். "ரிவர்ஸ் எடுக்க வேண்டிய இடத்துக்குப் போகக் கூடாது. அதுதான் வித்தை" என்றார். அப்பாவுக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்தது.

கூபர் பெடி ஓப்பல் கற்களின் ஊர். 1915இல் அங்கே ஓப்பலைக் கண்டெடுத்தவன் ஒரு பதினான்கு வயதுப் பையன். வெயிலுக்குப் பயந்து மக்கள் பூமிக்குள் வீடு குடைந்து வாழ்கிறார்கள். என் மகள் மூன்று நாள் கல் குவியலைக் கிளறினாள். கிடைத்தது நகக்கண் அளவு ஒரு துண்டு. அதற்கு மதிப்பில்லை என்று கடைக்காரர் சொல்லியும் இன்னும் வைத்திருக்கிறாள்.

கேரவன் வாழ்க்கை பற்றிக் கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது கழிப்பறைப் பெட்டியைத்தான். இரண்டு நாளுக்கு ஒருமுறை அதைக் கழற்றி, இழுத்துக்கொண்டு போய், அதற்கென்று உள்ள குழியில் கொட்டிக் கழுவ வேண்டும். எங்கள் திருமணத்தில் நடந்த பெரும்பாலான சண்டைகள் அந்த ஒன்பது மாதத்தில் நடந்தவை. அவற்றில் பாதி இது யாருடைய முறை என்பது பற்றி. அடுத்தது தண்ணீர். இரண்டு தொட்டியிலும் சேர்த்து 190 லிட்டர். நான்கு பேருக்கு நான்கு நாள். அரிசி களைந்த நீரில் பாத்திரத்தை ஊறவைத்து, அதையே கடைசியில் வாளியில் பிடித்து மகன் கால் கழுவுவான். கறிவேப்பிலை கூபர் பெடியிலேயே தீர்ந்தது. அடுத்த கறிவேப்பிலையை டார்வினில்தான் பார்த்தோம். சார்டின் டின் சம்பல் வாரத்துக்கு மூன்று நாள்.

உளுருவுக்குப் போகும் திட்டம் ஆகஸ்டு தொடக்கத்தில் கெட்டது. அந்தப் பாறையின் அடிவாரத்தில் வாழும் பூர்வகுடி மக்கள், பிரிஸ்பேனிலிருந்து ஒரு விமானம் வருகிறது என்றதும் பூங்காவின் வாசலை மறித்துவிட்டார்கள். ஊரில் முதியவர்கள் இருக்கிறார்கள், நோய் வந்தால் தாங்க மாட்டார்கள் என்று காரணம் சொன்னார்கள். பூங்கா மூடப்பட்டது. இவ்வளவு தூரம் வந்தும் பார்க்க முடியவில்லையே என்று எனக்கு எரிச்சல். அன்றிரவு அப்பாவிடம் புலம்பினேன். "உன் தங்கச்சியும் அதத்தானே செய்யுது, கேட்டுக்கு வெளிய நின்னுக்கிட்டு" என்றார். நான் பேச்சை மாற்றினேன்.

ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் பழைய தந்தி நிலையத்தைப் பார்த்தோம். 1872இல் போர்ட் அகஸ்டாவிலிருந்து டார்வின் வரை கம்பம் நட்டுத் தந்திக் கம்பி இழுத்தார்கள். டார்வினிலிருந்து கடலடிக் கம்பி ஜாவாவுக்கும், அங்கிருந்து சிங்கப்பூர் வழியாக லண்டனுக்கும் போனது. நாங்கள் ஓட்டிய நெடுஞ்சாலை பெரும்பாலும் அந்தக் கம்பி போன தடத்தை ஒட்டியே போகிறது. கிள்ளானுக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்ப ஒரு கோடு சிக்னல் தேடி, கேரவன் கூரைமேல் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

படம் அனுப்பியதுதான் பிரச்சினை.

மத்தரங்காவில் ஒரு வெந்நீர் ஊற்று உண்டு. பனைமரங்களுக்கு நடுவே, ஆண்டு முழுவதும் 34 டிகிரி, கண்ணாடி போலத் தெளிந்த தண்ணீர். நாங்கள் நால்வரும் மல்லாந்து மிதக்கும் படத்தைக் குடும்பக் குழுவில் போட்டேன். அது அக்டோபர். சிலாங்கூரில் மறுபடி கட்டுப்பாடு வந்திருந்த வாரம். தங்கை ஒரே வரி எழுதினாள்: "நல்லா இருங்க அண்ணே. ஆனா எனக்குக் காட்டாதீங்க." பிறகு குழுவிலிருந்து வெளியேறிவிட்டாள்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. வேலை போனவன், வாடகை கட்ட முடியாமல் தகரப் பெட்டிக்குள் வாழ்கிறவன், ஒரு படம் போடக் கூடாதா என்று மனைவியிடம் கத்தினேன். "கழிப்பறைப் பெட்டியப் படம் எடுத்து அனுப்பியிருந்தா ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டா" என்றாள் அவள். உண்மைதான். நாங்கள் அனுப்பியதெல்லாம் அழகான பக்கம் மட்டும். அதற்குப் பிறகு குழுவில் எதுவும் போடவில்லை. அப்பாவுக்கு மட்டும் கணக்கு.

நவம்பரில் டார்வினில் வெக்கை தாங்காமல் கிழக்கே குவின்ஸ்லாந்துக்குத் திரும்பினோம். அந்த மாதம் அடிலெய்டில் தொற்று பரவியிருந்ததால், எங்கள் வண்டி எண்ணைப் பார்த்த கேரவன் பூங்காக்காரர்கள் கைக்கெட்டாத தூரத்தில் நின்று, அங்கிருந்து எப்போது கிளம்பினீர்கள் என்று கேட்டார்கள். ஜூலையில் என்றதும் முகம் தளர்ந்தது.

டென்னண்ட் கிரீக்கைத் தாண்டி 106ஆவது கிலோமீட்டர். வானொலிக் கருவியில், லாரிக்காரர்கள் பேசும் 40ஆம் அலைவரிசையில், ஒரு குரல்: "வெள்ளைக் கேரவன், உன் இடப்பக்கச் சக்கரத்தில் புகை." இறங்கிப் பார்த்தால் சக்கரத்தின் பேரிங் உருகி, அச்சோடு ஒட்டிக்கிடந்தது. கைப்பேசியில் ஒரு கோடுகூட இல்லை. வெயில் 40 டிகிரிக்கு மேல். கண்ணுக்கு எட்டிய வரை மஞ்சள் புல். அந்த லாரிக்காரர் ஐந்து நிமிடம் நின்றார், பத்து லிட்டர் தண்ணீர் கொடுத்தார், அடுத்த நிலையத்திலிருந்து தகவல் சொல்கிறேன் என்று போய்விட்டார். கேரவன் நிழலில் பிள்ளைகளை உட்கார வைத்து நான்கரை மணி நேரம் காத்திருந்தோம். தகவல் போய்ச் சேர்ந்ததா என்பதுகூடத் தெரியாது. மகன் ஒரு கட்டத்தில், "தாத்தாவுக்கு நாம இங்க இருக்கிறது தெரியுமா?" என்று கேட்டான்.

இழுவை லாரி வந்து கேரவனை முதுகில் ஏற்றிக்கொண்டு டென்னண்ட் கிரீக்குக்கே திரும்பியது. பின்னாலேயே நாங்கள் காரில். உதிரிப்பாகம் 500 கிலோமீட்டர் தெற்கேயுள்ள ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து வர ஐந்து நாள். அன்றிரவு அப்பா அழைத்தார். அந்த வீட்டில் அவர் தனியாக இருக்கிறார். சொன்னால் தூங்க மாட்டார். "இன்னைக்கு எங்கயும் போகலப்பா. இவளுக்கு ஆபீஸ் வேலை" என்றேன். "அப்ப சைபர்" என்று எழுதிக்கொண்டார்.

அந்த ஐந்து நாளில் ஒருநாள், மலேசிய நேரம் விடியற்காலை மூன்று மணிக்குத் தங்கையிடமிருந்து செய்தி. ஒன்றரை மாதம் கழித்து. "நைட் ஷிஃப்ட். அங்க நட்சத்திரம் நல்லாத் தெரியுமாமே. ஒண்ணு அனுப்புங்க." எங்களுக்கு நாலரை மணி. வெளியே வந்து எடுத்தேன். என் கைப்பேசிக்கு அந்த வானம் பிடிபடவில்லை, வெறும் கறுப்பு. அதையே அனுப்பினேன். "கறுப்பாத்தான் இருக்கு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "பரவால்ல" என்றாள். பேரிங் கதையை அவளிடமும் சொல்லவில்லை.

அடுத்த ஏப்ரலில் அடிலெய்டு திரும்பினோம். திரும்பும் வழியில் உளுரு திறந்திருந்தது. ஏற அனுமதியில்லை, 2019 அக்டோபரிலேயே நிறுத்திவிட்டார்கள். சுற்றி நடந்தோம். வீட்டுக்கு வந்ததும் மீட்டரைப் படித்துச் சொன்னேன்: 80,590. அப்பா "சரி" என்றார். வேறெதுவும் கேட்கவில்லை.

2022 ஏப்ரலில் மலேசியா எல்லையைத் திறந்த மாதமே கிள்ளானுக்குப் போனோம். சாப்பிட்டு முடித்ததும் அப்பா அந்த 555 புத்தகத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். ஒன்பது மாதம், ஒரு நாள் விடாமல், நீல மையில். ஊர்ப் பெயர்களை அவர் காதில் விழுந்தபடி எழுதியிருந்தார். கடைசிப் பக்கத்தில் கூட்டல்.

"மீட்டர்ப்படி 19,386 வரணும். நீ சொன்னதக் கூட்டுனா 19,174தான் வருது. 212 உதைக்குது" என்றார். "ஒரு வருஷமா கூட்டிக் கூட்டிப் பாக்குறேன். எங்கடா போன?"

தங்கை பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். சொன்னேன். புகை, லாரிக்காரர், நான்கரை மணி நேரம், எல்லாவற்றையும். அப்பா குறுக்கிடாமல் கேட்டார்.

"கெளம்புறதுக்கு முன்னாடி பேரிங்குக்கு கிரீஸ் பாத்தியா?"

"பாக்கலப்பா."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கங்களைப் புரட்டி, அந்த நவம்பர் நாளைக் கண்டுபிடித்தார். சைபரை அடித்துவிட்டு 212 என்று எழுதினார்.