பூல் டேபிளில் கோல்ஃப்: ஆறு பாக்கெட், ஆளுக்கு ஒரு பந்து... தகராறு எங்கே ஆரம்பிக்கிறது?

வெள்ளிக்கிழமை மாலை ஆறரை மணி. அலுவலக பிரேக் ரூமில் இருப்பது ஒரே ஒரு பூல் டேபிள். சுற்றி நிற்பவர்கள் ஐந்து பேர். 8-பால் ஆடினால் இரண்டு பேர் ஆடுவார்கள், மற்ற மூன்று பேர் சுவரில் சாய்ந்து ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருப்பார்கள். ஜோடி சேர்த்து நான்கு பேர் ஆடினாலும் ஒருவர் மிச்சம்.

இந்தச் சிக்கலுக்கு அமெரிக்க பூல் ஹால்களில் ரொம்ப காலமாக ஒரு தீர்வு இருக்கிறது. பெயர் கோல்ஃப். புல்வெளி இல்லை, காற்று இல்லை. டேபிளின் ஆறு பாக்கெட்டுகள்தான் ஆறு 'ஹோல்'. மூன்று பேரானாலும் ஆறு பேரானாலும் விதியை மாற்றாமல் ஒன்றாக ஆடலாம். பெரும்பாலும் பணம் வைத்துத்தான் ஆடுகிறார்கள் என்பது இந்த ஆட்டத்தின் இன்னொரு முகம். இந்தியாவில் 2025 ஆகஸ்டில் ஆன்லைன் பண விளையாட்டுகளுக்குத் தடை வந்தபிறகு, பணம் கட்டி ஆடும் போட்டிகளைப் பல ஆப்கள் நிறுத்திவிட்டன. "சரி, போனில்தானே கூடாது, நிஜ டேபிளில் ஆடலாமே?" என்று கேட்பவர்களுக்கு கோல்ஃப் நல்ல உதாரணம். அதன் விதிகளைப் புரிந்துகொண்டால், பணம் எந்த இடத்தில் உள்ளே நுழைகிறது என்பதும் புரியும்.

எப்படி ஆடுவது?

எல்லோருக்கும் பொதுவாக ஒரு வெள்ளைப் பந்து. அதைத் தவிர ஆளுக்கு ஒரு நிறப் பந்து. ஐந்து பேர் என்றால் ஐந்து நிறப் பந்துகள், அவ்வளவுதான். முக்கோணச் சட்டம் போட்டு அடுக்கும் வேலை இல்லை.

ஆறு பாக்கெட்டுகளுக்கும் ஒன்று முதல் ஆறு வரை எண் கொடுத்துக்கொள்கிறார்கள். உங்கள் முறை வரும்போது வெள்ளையால் உங்கள் பந்தை அடித்து, முதலில் 1-ம் பாக்கெட்டில் தள்ள வேண்டும். விழுந்துவிட்டதா? பந்தை எடுத்து டேபிளின் எதிர்முனையில் இருக்கும் ஸ்பாட்டில் வைப்பார்கள். வெள்ளை நின்ற இடத்திலிருந்தே 2-ம் பாக்கெட்டுக்குக் குறிவைத்துத் தொடரலாம். தவறினால் முறை அடுத்தவருக்குப் போகிறது. உங்கள் பந்து நின்ற இடத்திலேயே காத்திருக்கும். ஆறு பாக்கெட்டையும் வரிசை மாறாமல் யார் முதலில் முடிக்கிறாரோ அவருக்கு வெற்றி.

படிக்கும்போது சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். ஆடிப் பார்த்தால் தெரியும். ஸ்பாட்டில் இருக்கும் பந்தை மறுமுனை மூலை பாக்கெட்டுக்குக் கொண்டுபோவது டேபிளின் முழு நீளத்தையும் கடக்கும் அடி. அதுவும் நடுவில் நாலு பேருடைய பந்துகள் வழிமறித்து நிற்கும்.

இதில் 'ஸ்ட்ரோக்' வகை என்று இன்னொன்றும் உண்டு. நிஜ கோல்ஃப் போலவே ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் எத்தனை அடி எடுத்தீர்கள் என்று எண்ணி, மொத்தக் கணக்கு குறைவாக இருப்பவர் ஜெயிப்பார். புதிதாகப் பழகுபவர்களுக்கு இது நல்லது. தோற்றவரும் "போன வாரம் 31, இந்த வாரம் 26" என்று சந்தோஷமாக வீட்டுக்குப் போகலாம். ஆனால் பூல் ஹால்களில் பெயர் வாங்கியது முதல் வகைதான்.

'ஹிக்கி' என்றால் என்ன?

இந்த ஆட்டத்தின் உயிர் இந்த ஒரு வார்த்தையில் இருக்கிறது. ஃபவுல் செய்தால் உங்கள் பெயருக்கு நேரே போர்டில் ஒரு கோடு விழும். அதுதான் ஹிக்கி. வெள்ளை உங்கள் பந்தை முதலில் தொடாமல் வேறொருவர் பந்தைத் தொட்டால் ஹிக்கி. எதையுமே தொடாவிட்டால் ஹிக்கி. வெள்ளையே பாக்கெட்டில் விழுந்தால் ஹிக்கி. உங்கள் பந்து தவறான பாக்கெட்டில் விழுந்தாலும், அடுத்தவர் பந்தை நீங்கள் தள்ளிவிட்டாலும் பல இடங்களில் ஹிக்கிதான்.

8-பாலில் ஃபவுல் செய்தால் எதிராளிக்கு வெள்ளையை விரும்பிய இடத்தில் வைத்து ஆடும் வசதி கிடைக்கும், அத்தோடு கணக்கு முடிந்துவிடும். இங்கே அப்படி இல்லை. ஹிக்கி கடைசிவரை கூடவே வரும். ஆட்டம் முடிந்ததும் தோற்றவர்கள் எல்லோரும் ஜெயித்தவருக்கு ஒரு அடிப்படைத் தொகையையும், அதற்குமேல் ஒவ்வொரு ஹிக்கிக்கும் ஒரு தொகையையும் கொடுப்பார்கள்.

இதனால் ஆட்டத்தின் குணமே மாறிவிடுகிறது. பந்தைப் போடுவது ஒரு வழி. அடுத்து ஆட வருபவருக்கு அவர் பந்தே தெரியாதபடி வெள்ளையை ஒளித்துவைப்பது இன்னொரு வழி. ஸ்நூக்கரில் 'ஸ்நூக்கர் வைப்பது' என்பார்களே, அதே வேலை. இங்கே மறைப்பதற்கு இத்தனை பந்துகள் இருப்பதால் அது சுலபம். நல்ல ஆட்டக்காரர்கள் தொடக்கத்தில் பாக்கெட்டைப் பார்ப்பதைவிட அடுத்தவரின் பந்தைத்தான் அதிகம் பார்ப்பார்கள்.

டேபிளின் அளவும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. அமெரிக்காவில் இதைப் பெரும்பாலும் ஸ்நூக்கர் டேபிளில்தான் ஆடுவார்கள். ஸ்நூக்கர் பாக்கெட்டின் வாய் குறுகலானது, விளிம்பு வளைந்திருக்கும். கொஞ்சம் பிசகினாலும் பந்து உள்ளே போகாமல் ஆடி ஆடி வெளியே வந்துவிடும். பூல் டேபிள் பாக்கெட்டுகள் அகலமானவை. கைதேர்ந்த ஒருவர் 7 அடி பூல் டேபிளில் ஆறையும் ஒரே முறையில் முடித்துவிட்டு, மற்றவர்களை வெறுமனே நிற்க வைத்துவிடலாம். அதற்காகத்தான் பூல் டேபிளில் ஆடும்போது சிலர் மூன்று சுற்று, அதாவது 18 ஹோல் என்று நீட்டிக்கொள்கிறார்கள்.

இதற்கு அதிகாரப்பூர்வ விதிப்புத்தகம் இல்லையா?

8-பால், 9-பால், 10-பால் ஆட்டங்களுக்கு உலக பூல்-பில்லியர்ட்ஸ் சங்கத்தின் விதிகள் இருக்கின்றன. உலக சாம்பியன்ஷிப்புகளும் நடக்கின்றன. டேபிள் கோல்ஃப் அந்த வரிசையில் இல்லை. இது கிளப்புக்குக் கிளப் வாய்வழியாக வளர்ந்த ஆட்டம். வாய்வழி விதி என்றால் என்ன ஆகும் என்று நம் தெரு கிரிக்கெட் ஆடியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுக் காம்பவுண்டுக்குள் பந்து போனால் அவுட்டா, ஆறு ரன்னா என்பது பேட்டின் சொந்தக்காரர் மனநிலையைப் பொறுத்தது.

ஸ்நூக்கருக்கும் ஒரு காலத்தில் இதே நிலைதான். 1875-ல் ஜபல்பூரில் இருந்த பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி நெவில் சேம்பர்லைன் (பின்னாளில் பிரதமரானவர் இல்லை, இவர் வேறு) அதிகாரிகளின் பொழுதுபோக்காக ஆரம்பித்த ஆட்டம் அது. பிறகு அவர் பணி நிமித்தமாக ஊட்டி வந்தார். 1882-ல் ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் விதிகள் எழுதி ஒட்டப்பட்டன என்பது ஸ்நூக்கர் வரலாற்றில் பரவலாக ஏற்கப்பட்ட செய்தி. சுவரில் ஒட்டிய அந்தக் காகிதத்துக்குப் பிறகு, யார் வந்து ஆடினாலும் ஒரே ஆட்டம் என்றானது. டேபிள் கோல்ஃபுக்கு அப்படி ஒரு ஊட்டி வாய்க்கவில்லை.

அதனால் குழப்பமான இடங்கள் நிறைய. முதல் அடியிலேயே நேராக பாட் செய்யலாமா, குஷனில் தட்டித்தான் வர வேண்டுமா? அடுத்தவர் என் பந்தை இடித்து சரியான பாக்கெட்டில் தள்ளிவிட்டால் அது எனக்குக் கணக்கா? வெள்ளை விழுந்தபிறகு அதை எங்கே வைப்பது? ஒவ்வொன்றுக்கும் நியாயமான இரண்டு பதில்கள் இருக்கின்றன. ஆட்டம் தொடங்கும் முன் எதை ஒப்புக்கொண்டாலும் பிரச்சினை இல்லை. நடுவில் கேட்டால், இரண்டு பதிலில் யாருக்கு எது லாபமோ அதையே அவரவர் சொல்வார்கள்.

உண்மையான சிக்கல் எங்கே?

மேலே சொன்னதெல்லாம் பேசித் தீர்க்கக்கூடியவை. பேசித் தீராத ஒன்று வரிசை.

இரண்டு பேர் ஆடும் ஆட்டத்தில் நீங்கள் வைக்கும் பொறியில் விழுவது உங்கள் எதிராளி மட்டும்தான். கோல்ஃபில் உங்கள் பொறி அடுத்து ஆடுபவருக்கு மட்டுமே. உதாரணத்துக்கு குமார், ரம்யா, சலீம் என்ற வரிசையில் ஆடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். குமார் எப்போதும் வெள்ளையை ஒளித்துவைப்பதில் கெட்டிக்காரர். ரம்யா பந்தைப் போடுவதில் மட்டும் கவனம் வைப்பவர். விளைவு? ஹிக்கி எல்லாம் ரம்யா தலையில் விழும். ரம்யாவுக்குப் பின்னால் ஆடும் சலீமுக்கு எப்போதும் திறந்த டேபிள் கிடைக்கும். மூவரில் சலீம் சுமாராக ஆடினாலும் ஜெயித்துவிடலாம். திறமையைவிட நிற்கும் இடம் முக்கியமாகிவிடுகிறது.

இதைவிட மோசமானது கூட்டுச் சேர்வது. இரண்டு நண்பர்கள் பேசிவைத்துக்கொண்டு, ஒருவர் தன் கூட்டாளிக்கு எப்போதும் எளிதான பந்தை விட்டுவைத்து, மூன்றாமவருக்கு மட்டும் பொறி வைக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. "சரியா ஆட வரலப்பா" என்று சொல்லிவிடலாம். எந்த ஃபவுல் விதியும் இதைப் பிடிக்காது. ஓரளவு தடுக்க ஒரே வழி, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சீட்டுக் குலுக்கி வரிசையை மாற்றுவது. பழைய கிளப் ஆட்கள் இதில் கறாராக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது.

இப்போது பணத்தைச் சேர்த்துப் பாருங்கள். ஐந்து பேர், அடிப்படைத் தொகை 100 ரூபாய், ஹிக்கிக்கு 20 ரூபாய் என்று பேசிக்கொள்கிறார்கள். "போனால் நூறு ரூபாய்" என்று நினைத்துத்தான் புதியவர் சேர்வார். ஏழு ஹிக்கி வாங்கினால் அவர் தர வேண்டியது 240. ஒரு மாலையில் நான்கு ஆட்டம் இப்படியே போனால் 960. அடிப்படைத் தொகைக்கு எல்லை உண்டு, ஹிக்கிக்கு எல்லை கிடையாது. அதுவும் ஆட்டம் தெரியாதவருக்குத்தான் அது வேகமாக ஏறும். ஒரு ஆட்டத்துக்கு அதிகபட்சம் ஐந்து ஹிக்கி என்று முதலிலேயே வரம்பு வைத்தால் இந்த ஓட்டை அடைபடும். வரம்பு வேண்டாம் என்று பிடிவாதம் பிடிப்பவர் யார் என்பதைக் கவனிப்பதும் நல்லது.

பணம் வைத்து ஆடுவது சட்டப்படி சரியா?

நிஜ டேபிளுக்கு ஒரு பதில், போனுக்கு வேறு பதில்.

தமிழ்நாடு சூதாட்டச் சட்டம் 1930-ன் 11-வது பிரிவு, முழுக்கத் திறமை சார்ந்த விளையாட்டுகளுக்கு விலக்கு அளிக்கிறது. திறமை மேலோங்கியிருக்கும் விளையாட்டு சூதாட்டம் ஆகாது என்பதை உச்ச நீதிமன்றம் 1957 முதலே பல தீர்ப்புகளில் சொல்லி வந்திருக்கிறது. 1968-ல் ரம்மி, 1996-ல் சென்னை குதிரைப் பந்தயம் என்று அந்த வரிசை நீள்கிறது. பணம் வைத்தால் திறமை விளையாட்டுக்கும் தடை என்று தமிழக அரசு 2021-ல் கொண்டுவந்த திருத்தத்தை, அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. க்யூ பிடித்து ஆடும் விளையாட்டில் திறமை இல்லை என்று யாரும் வாதிடப் போவதில்லை.

அதற்காக எல்லாம் சரி என்று ஆகிவிடாது. 1968 ரம்மி தீர்ப்பிலேயே ஒரு கொக்கி இருக்கிறது. ஆட்டத்திலிருந்து இடத்தின் உரிமையாளர் லாபம் பார்த்தால் அது குற்றமாகலாம் என்று நீதிமன்றம் சொன்னது. டேபிளுக்கு மணிக்கணக்கில் வாடகை வாங்குவது ஒன்று. பந்தயப் பணத்தில் பார்லர் பங்கு எடுப்பது வேறு. ஆடாமல் ஓரமாக நின்று "இவர் ஜெயிப்பார்" என்று பந்தயம் கட்டுபவருக்கு, திறமை விலக்கைக் காட்டித் தப்புவது கடினம். அலுவலக டேபிள் என்றால் சட்டத்துக்கு முன்பாக நிறுவனத்தின் நடத்தை விதிகள் குறுக்கே வரும். பல நிறுவனங்கள் வளாகத்துக்குள் பணப் பந்தயத்தை அனுமதிப்பதில்லை.

போனில் கதையே வேறு. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டு ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியையே ஓரம்கட்டிவிட்டது. பணம் கட்டி, பணம் திரும்பக் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பில் ஆடும் ஆன்லைன் விளையாட்டு எதுவானாலும் தடை. அப்படி ஒன்றை நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்பவருக்கு 2 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம். ஆடுபவருக்குத் தண்டனை இல்லை, அவரைப் பாதிக்கப்பட்டவராகத்தான் அரசு பார்க்கிறது. பணமாக மாற்ற முடியாத காயின்களை வைத்துப் பொழுதுபோக்காக ஆடும் பூல் கேம்கள் இந்தத் தடைக்குள் வராது.

ஆக, ஐந்து பேர் நிஜ டேபிளில் ஹிக்கிக்கு 20 ரூபாய் வைத்து ஆடினால் திறமை விலக்கைப் பேச இடமிருக்கிறது. அதே ஐந்து பேர், அதே விதி, அதே 20 ரூபாயோடு ஒரு ஆப் வழியாக ஆடினால், அந்த ஆப்பை நடத்துபவருக்கு அந்த இடம் இல்லை. இந்த வேறுபாடு அரசியல் சாசனப்படி நிற்குமா என்பதுதான் வழக்காகியிருக்கிறது. பல உயர் நீதிமன்றங்களில் தொடரப்பட்ட மனுக்களை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தன்னிடமே மாற்றிக்கொண்டது.