காற்றுக்கும் ஓர் ஆலோசகர் வேண்டும்

கோவில்பட்டிக் கரிசற் சீமையில் மண்ணுக்கு யோசனை கூற ஆள் உண்டு. 1901-ம் வருஷத்தில் அங்கு நிறுவப்பட்ட விவசாய ஆராய்ச்சி நிலையம் இன்றும் நடைபெற்று வருகிறது. விதைக்கும் பூச்சிக்கும் வேளாண்மை உத்தியோகஸ்தர்கள் உண்டு. கண்மாய்க்கும் வரத்துக்காலுக்கும் பொறியாளர்கள் உண்டு. காற்றின் பொறுப்போ மாசு கட்டுப்பாடு வாரியத்தையும், அதன் மாவட்டப் பொறியாளரையும் சார்ந்தது. அவர்களுடைய வேலை பெரும்பாலும் ஆலைகளுக்கு இசைவு அளிப்பதும் சோதனை செய்வதுமே. பல தாலுக்காக்களை ஒன்றாக நோக்கி, உழவின் பருவத்தையும் அறிந்து, குடியானவருக்கும் சர்க்காருக்கும் ஒருங்கே யோசனை கூறுவது அதில் அடங்கியதன்று. அத்தகைய பிரதேசக் காற்று ஆலோசகர் பதவி அவசியமா, அதில் அமர்பவர் எத்தகையவராக இருத்தல் வேண்டும் என்பதை நிலமுடையோரும் கிராம உத்தியோகஸ்தர்களும் ஆலோசிப்பது நலம்.

“கரிசற் காட்டில் காற்றுக்கு என்ன குறை? ஆனி, ஆடியில் வீசும் மேல்காற்று எப்புகையையும் அடித்துக்கொண்டு போய்விடாதா?” என்று சிலர் வினவலாம். மேல்காற்றுக் காலத்தைப் பொறுத்தவரை இது ஓரளவு மெய்யே. ஆயினும் மார்கழி, தை மாதங்களின் விடியற்காலையை அவர்கள் கவனிக்க வேண்டும். அப்பொழுது தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்து, மேலுள்ள வெப்பக் காற்றின் கீழ் அசைவற்றுத் தங்கிவிடுகிறது. சீமைக்கருவேல விறகை அடுக்கி மண்ணால் மூடிச் சுடும் கரிமூட்டத்தின் புகையும், வயலில் கொளுத்திய தட்டையின் புகையும், லாரி கிளப்பும் புழுதியும் மேலெழ வழியின்றி ஊருக்குள்ளேயே படிகின்றன. இப்புகையிலுள்ள நுண்துகள்கள் தலைமயிரின் பருமனில் ஏறக்குறைய 30-ல் ஒரு பங்கே உள்ளவை. மூக்கு அவற்றைத் தடுக்க இயலாமையால் அவை நுரையீரலின் ஆழம் வரை செல்கின்றன. ஒரு கன மீட்டர் காற்றில் இத்துகள் வருஷச் சராசரியாக 40 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது என்பது 2009-ம் வருஷத்திய இந்திய விதி. உலக சுகாதார ஸ்தாபனம் 2021-ல் இவ்வளவை 5 ஆக வரையறுத்தது.

அன்றியும், 2019-ம் வருஷத்தில் மத்திய சர்க்கார் தேசியத் தூய காற்றுத் திட்டத்தைத் தொடங்கியபோது, காற்று விதிக்குட்படாத நகரங்களின் பட்டியலில் தூத்துக்குடியையும் சேர்த்தது. கோவில்பட்டி அதே ஜில்லாவைச் சேர்ந்தது. நகரத்துக்குத் திட்டம் வந்தபின் சுற்றுப்புறத்துக்கும் உத்தரவுகள் வருதல் இயல்பு. அவ்வுத்தரவுகள் குடியானவரை அறிந்தவர் யோசனையால் வருமா, அறியாதவர் யோசனையால் வருமா என்பதே கேள்வி.

நல்ல ஆலோசனை எத்தன்மையது என்பதற்கு லண்டன் நகரம் ஓர் உதாரணம். 1952-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில், காற்றோட்டமற்ற ஐந்து நாட்களில், அடுப்புகளும் ஆலைகளும் கக்கிய நிலக்கரிப் புகை மூடுபனியோடு கலந்து நகரத்தை மூடியது. அதனால் மாண்டவர் ஏறக்குறைய 4,000 பேர் என்று முதலில் கணக்கிடப்பட்டது. பிற்காலத்தார் அத்தொகை இன்னும் மிகுதியென மதிப்பிட்டனர். மறு வருஷம் சர்க்கார் ஸர் ஹியூ பீவர் என்ற பொறியாளரின் தலைமையில் ஓர் ஆலோசனைக் குழுவை அமைத்தது. அக்குழு 1954-ல் அளித்த அறிக்கையை ஒட்டி 1956-ல் தூய காற்றுச் சட்டம் பிறந்தது. அச்சட்டம் புகையற்ற பகுதிகளை ஏற்படுத்தியதோடு நில்லாமல், அப்பகுதிகளில் வீட்டு அடுப்பை மாற்றும் செலவில் பத்தில் ஏழு பங்கு திருப்பித் தரப்படுவதற்கும் வகை செய்தது. தடையும் உதவியும் ஒரே ஏட்டில் எழுதப்பட்டமையே இதில் கவனிக்கற்பாலது.

இந்தியாவில் இத்தகைய பதவி முதலில் டில்லிப் பிரதேசத்துக்கு ஏற்பட்டது. 1998-ம் வருஷத்தில் பூரே லாலைத் தலைவராகக் கொண்டு ஓர் அதிகார சபை அமைக்கப்பட்டு, 2020 வரை சுப்ரீம் கோர்ட்டுக்கு யோசனை கூறி வந்தது. டில்லி நகர பஸ்கள் டீசலை விட்டு அழுத்திய இயற்கை வாயுவுக்கு மாறியது அச்சபையின் யோசனையைத் தழுவியே. நகரத்தின் வண்டிகளைப் பொறுத்தவரை இது நல்ல பலன் தந்தது. வயல் விஷயத்தில் பலன் அவ்வாறிருக்கவில்லை.

அதன் காரணத்தை ஒவ்வொரு குடியானவரும் அறிதல் நலம். பஞ்சாபில் நிலத்தடி நீர் வற்றி வருவதைக் கண்டு, ஜூன் 10-ந் தேதிக்கு முன்பு நெல் நாற்று நடலாகாதென 2009-ல் சட்டம் செய்யப்பட்டது. நீரைப் பொறுத்தமட்டில் நோக்கம் நல்லதே. ஆனால் நடவு தள்ளியதால் அறுவடையும் தள்ளியது. அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையே இருந்த அவகாசம் இரண்டு மூன்று வாரமாகச் சுருங்கியது. எந்திரம் அறுத்துவிட்டுப் போன தாளை அகற்ற நேரமின்றிக் குடியானவர் தீ வைத்தனர். அதுவும் காற்று அசைவற்று நிற்கும் நவம்பர் மாதத்தில் வந்து சேர்ந்தது. நீருக்கு யோசனை கூறியவர் காற்றைக் கருதவில்லை. காற்றுக்கு யோசனை கூறியவர் பயிர்ப் பஞ்சாங்கத்தைக் கருதவில்லை. பழியோ தீக்குச்சியைக் கையில் வைத்திருந்தவன் மேல் விழுந்தது.

அடுத்து வந்தது தண்டனை. 2020 அக்டோபரில் ஓர் அவசரச் சட்டத்தின் மூலம் டில்லிக்கும் சூழ்ந்த மாகாணங்களுக்கும் காற்றுத்தர மேலாண்மை ஆணையம் ஏற்பட்டது. அதன் உத்தரவை மீறினால் ஐந்து வருஷம் வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் என்று எழுதப்பட்டிருந்தது. குடியானவர்கள் ஆட்சேபித்தனர். 2021-ம் வருஷத்திய சட்டத்தில் அத்தண்டனையிலிருந்து விவசாயிகளுக்கு விலக்களிக்கப்பட்டது. ஆயினும் தாள் எரிப்போரிடம் நஷ்டஈடு வசூலிக்கும் அதிகாரம் நின்றது. 2024 நவம்பரில் அத்தொகை இரட்டிக்கப்பட்டு, இரண்டு ஏக்கருக்குக் குறைந்தவருக்கு 5,000 ரூபாயும், ஐந்து ஏக்கருக்கு மேற்பட்டவருக்கு 30,000 ரூபாயும் ஆயிற்று. ஆலோசகரின் இடத்தில் வசூல்காரர் வந்து நிற்பதை வடநாட்டுக் குடியானவர் கண்டுவிட்டனர். கரிசற் குடியானவர் அதைக் காணாதிருக்க வழி தேட வேண்டும்.

கரிசற் காட்டிலும் இதே வகையான சிக்கல் மறைந்து கிடக்கிறது. பருத்தியின் கடைசி எடுப்பு முடிந்ததும் மாரைப் பிடுங்கி அழித்துவிட வேண்டும் என்பது பழைய போதனை. சென்னை ராஜதானியில் 1919-ம் வருஷத்திய விவசாயப் பூச்சி நோய்ச் சட்டத்தைக்கொண்டு அதைக் கட்டாயமாக்கிய ஜில்லாக்களும் உண்டு. இளஞ்சிவப்புக் காய்ப்புழு மாரில் தங்கிய காய்களில் உறங்கிக் கிடந்து அடுத்த பருவத்துக்குத் தாவும் ஆகையால் அப்போதனை சரியானதே. அழிப்பதென்றால் கொளுத்துவது என்று குடியானவர் பொருள் கொண்டதும் இயல்பே. நாளை ஓர் உத்தியோகஸ்தர் வந்து “கொளுத்தாதே” என்பார். மற்றொருவர் “மாரை வைத்திராதே” என்பார். இருவருக்கும் நடுவில் குடியானவர் என் செய்வது? பிடுங்குமுன் காட்டில் ஆட்டுக் கிடை அமர்த்தி எஞ்சிய காய்களை மேயவிடுதலும், பின்னர் மாரைக் கருவியால் துகளாக்கிச் சாணத்தோடு குழியிலிட்டு மட்கவிடுதலும் புழுவையும் ஒழிக்கும், புகையையும் தவிர்க்கும். ஒரு டன் நெற்றாளை எரித்தால் சுமார் 5.5 கிலோ தழைச்சத்து வீணாகிறதென்பது ஆராய்ந்தோர் கணக்கு. மட்கு குறைந்த கரிசலுக்கு மாரும் தட்டையும் அவ்வாறு புகையாய்ப் போவது சிறு நஷ்டமன்று. ஆனால் துகளாக்கும் கருவி எல்லோரிடமும் இல்லை. அதைப் பிர்காதோறும் வாடகைக்குக் கிடைக்கச் செய்யாமல் தடை மட்டும் விதிப்பவர் ஆலோசகர் ஆகார்.

கரிமூட்டமும் அப்படியே. மானம் பொய்த்த வருஷத்தில் விளாத்திகுளம் பக்கத்து ஏழைகளுக்குக் கஞ்சி வார்ப்பது அதுவே. புகையைக் குறைக்கும் சூளையைக் காட்டாமல் மூட்டத்தைக் கலைப்பது பிழைப்பைக் கலைப்பதாகும். ஆயினும் அப்புகையில் நாள் முழுதும் நிற்பவர் அக்கூலிகளே என்பதையும் மறத்தலாகாது.

நம்பத்தக்க ஆலோசனை இல்லாவிடில் காரியம் எவ்வளவு தூரம் முற்றும் என்பதற்குத் தூத்துக்குடியே சாட்சி. அங்கிருந்த தாமிர உருக்காலையின் புகையைக் குறித்த வழக்கு வருஷக்கணக்கில் நீடித்தது. 2018 மே 22-ந் தேதி போராட்டத்தின்போது நடந்த போலீஸ் துப்பாக்கிப் பிரயோகத்தில் 13 பேர் மாண்டனர். அம்மாதம் 28-ந் தேதி ஆலையை மூடச் சர்க்கார் உத்தரவிட்டது. 2024 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அம்முடிவில் தலையிட மறுத்தது. காற்றில் உள்ளது இன்னதென்று இரு தரப்பாரும் ஒப்பும்படி அளந்து சொல்ல ஒருவர் தொடக்கத்திலேயே இருந்திருப்பின், அவ்வழக்கு வீதிக்கு வருமுன் தீர்ந்திருக்கக் கூடும்.

ஆகையால் தூத்துக்குடி, விருதுநகர், தென்காசி, திருநெல்வேலி ஜில்லாக்களுக்குச் சேர்த்து ஒரு தலைமைக் காற்று ஆலோசகர் வேண்டுமென்று கேட்பது நியாயமே. அவரிடம் மூன்று குணங்கள் இருத்தல் அவசியம். தாலுக்கா எல்லையைப் பாராமல் காற்று செல்லும் வழியைப் பார்க்க வேண்டும். புரட்டாசி விதைப்பு முதல் பங்குனி அறுப்பு வரை உழவின் நாட்களை அறிந்திருக்க வேண்டும். மாற்று வழியும் அதற்குரிய செலவும் காட்டாமல் எதையும் தடுக்கலாகாது. அவர் அளந்த கணக்கு மாதந்தோறும் ஜில்லாவில் நடைபெறும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் படிக்கப்படுதல் வேண்டும்.

அப்பதவி ஏற்படும் வரை சும்மா இருத்தல் வேண்டுவதில்லை. 1981-ம் வருஷத்திய காற்றுச் சட்டம், மாகாண வாரியத்தில் விவசாயம், மீன்பிடிப்பு, தொழில், வியாபாரம், தொழிலாளர் முதலிய நலன்களுக்காக மூன்று பேர் வரை உத்தியோகப் பற்றற்றவரை நியமிக்க இடம் தருகிறது. எரிப்பதைத் தடைசெய்யுமுன் மாகாண சர்க்கார் அவ்வாரியத்தைக் கலந்துகொள்ளவும் வேண்டும். அந்த இடங்களில் ஒன்று மானாவாரிக் குடியானவருக்குக் கிடைக்குமாறு விவசாய சங்கங்கள் விண்ணப்பிக்கலாம். கிராம நிர்வாக அலுவலர்கள் அடங்கல் எழுதச் செல்லும்பொழுதே, எந்த மாதத்தில் எந்தப் புலத்தில் எது எரிந்தது, எதற்காக எரிந்தது என்பதையும் தனியே ஓர் ஏட்டில் குறித்து வரலாம். பின்னர் எவர் ஆலோசகராய் வந்தாலும் ஆகாயத்திலிருந்து எடுத்த படத்தைமட்டும் நம்பாமல், ஊரார் எழுதிய அந்த ஏட்டையும் அவர் புரட்டிப் பார்த்தே தீர வேண்டியிருக்கும். உத்தரவு வந்தபின் முறையிடுவதைக் காட்டிலும், அது எழுதப்படுமுன் கணக்கோடு சென்று நிற்பதே குடியானவருக்கு அனுகூலம்.