மரபணு வரைபடத்தில் எமக்கும் இடம் வேண்டும்

டி.என்.ஏ. பரிசோதனை என்றதும் எம்மவர் பலரின் நினைவுக்கு முதலில் வருவது குடிவரவுத் திணைக்களமே. பிறப்புச் சான்றிதழ்களை யுத்தத்திலே தொலைத்த குடும்பங்கள், உறவை நிரூபிக்க வேறு வழியின்றி இப்பரிசோதனையை நாட நேர்கின்றது. இதனால் மரபணு என்ற சொல்லே எம்மிடையே அச்சத்தைத் தோற்றுவித்துள்ளது. ஆயினும், அச்சத்தால் நாம் ஒதுங்கியிருப்பின் இழப்பு எமது பிள்ளைகளுக்கே.

மனித மரபணுத் தொகுதி ஏறத்தாழ 300 கோடி எழுத்துக்களைக் கொண்டது. அதனை நூற்றைம்பது எழுத்தளவான துண்டுகளாக வாசித்து, முன்னரே உள்ள மாதிரி வரைபடத்தோடு பொருத்திப் பார்ப்பதே நீண்டநாள் வழக்கம். அம்மாதிரியின் பெரும்பகுதி ஒரே மனிதருடையது. 1997 இல், நயாகராவுக்கு அப்பாலுள்ள பஃபலோ நகரில், பத்திரிகை விளம்பரம் கண்டு இரத்தம் வழங்கியவர்களுள் ஒருவர் அவர். அவரிடம் இல்லாத பகுதியொன்று எமது பிள்ளையிடம் இருப்பின், அத்துண்டுக்குப் பொருந்த இடமில்லை.

புதிய முறை வேறானது. பல்லாயிரம் எழுத்து நீளமான துண்டுகளை வாசித்து, ஒன்றின் முடிவும் மற்றொன்றின் தொடக்கமும் ஒத்திருப்பதைக் கணனி தேடிக் கோக்கின்றது. மாதிரி தேவையில்லை. திருவெம்பாவை ஏட்டைச் சொல் சொல்லாகக் கிழித்தால், ஒவ்வொரு பாட்டின் ஈற்றிலும் வரும் அதே சொல் எப்பாட்டுக்குரியது என்று கூற இயலாது. பல வரிகள் சேர்ந்த துண்டுகளாயின் கூறலாம். மரபணுவிலும் இவ்வாறு திரும்பத் திரும்ப வரும் பகுதிகள் பல. 2003 இல் நிறைவுற்றதாக அறிவிக்கப்பட்ட மனித வரைபடத்தில் விடுபட்டிருந்த ஏறத்தாழ 8 வீதம், நீள்துண்டு வாசிப்பின் துணையுடன் 2022 இலேயே நிரப்பப்பட்டது.

ரொறன்ரோவும் இத்துறைக்குப் பங்களித்துள்ளது. கனடாவின் 150 ஆவது ஆண்டான 2017 இல், இங்குள்ள சிறுவர் வைத்தியசாலை விஞ்ஞானிகள், ரொறன்ரோ மிருகக்காட்சிச்சாலையில் வாழ்ந்த 'வோர்ட்' என்னும் பீவரின் மரபணுத் தொகுதியை நீள்துண்டுகளால் கோத்து, குறுந்துண்டுகளால் பிழை திருத்தி வெளியிட்டனர். ஐந்து சத நாணயத்திலுள்ள விலங்குக்குச் சொந்த வரைபடம் உண்டு. எமக்கு?

2015 இல் நிறைவுற்ற 'ஆயிரம் மரபணுத் தொகுதிகள்' திட்டத்தில் பிரித்தானியா வாழ் இலங்கைத் தமிழர் 102 பேர் இடம்பெற்றனர். எனினும் அத்திட்டம் பெரிதும் குறுந்துண்டு வாசிப்பையே நம்பியிருந்தது. 2023 இல் வெளியான பலர் வரைபடத்தின் முதற் பதிப்பு 47 பேரிலிருந்து உருவானது. உலக மாந்தர் அனைவரும் 47 பேருக்குள் அடங்குவரா?

தகவல் தவறான கைக்குச் செல்லுமோ என்ற ஐயம் நியாயமானதே. சேவைக்கோ ஒப்பந்தத்துக்கோ நிபந்தனையாக மரபணுப் பரிசோதனையையோ அதன் பெறுபேற்றையோ கேட்பது 2017 ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்நாட்டில் குற்றமாகும். காப்புறுதி நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. 2020 இல் உச்ச நீதிமன்றமும் இச்சட்டத்தை உறுதி செய்தது.

ஆகவே நாம் கோர வேண்டியவை இரண்டு. ஆய்வுகளில் எமது சமூகத்துக்கும் இடமளிக்கப்பட வேண்டும். சம்மதப் பத்திரம் எமது தாய்மாரும் வாசித்து விளங்கக்கூடிய தமிழில் இருக்க வேண்டும். விளங்காத தாளில் இட்ட கையொப்பம் சம்மதமாகாது. விளங்கிய பின்னரும் விலகி நின்றால், நாளை எமது பிள்ளையின் நோய்க்குக் காரணம் தேடும் வைத்தியர் பிறருடைய வரைபடத்தையே விரித்து வைத்திருப்பார்.