மீனுக்கும் மருந்துச் சீட்டு வேண்டும்

ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து தினமும் லாரி லாரியாகக் காய்கறி கேரளாவுக்குப் போகிறது. 2015-ல் தமிழ்நாட்டுக் காய்கறியில் பூச்சிமருந்து எச்சம் இருக்கிறதென்று கேரள அரசு கெடுபிடி காட்டியது. எனக்கு அது நியாயமாகவே பட்டது. சாப்பிடுகிறவன் கேட்டால்தான் விளைவிக்கிறவன் யோசிப்பான்.

மீன் விஷயமும் அப்படித்தான். நம் நாட்டுப் பண்ணை இறாலில் ஆன்டிபயாடிக் எச்சம் இருந்ததால் ஐரோப்பிய நாடுகள் சரக்கைத் திருப்பியனுப்பின. 2016-ல் சோதனையைப் பாதிச் சரக்குக்கு உயர்த்தின. கடலோரப் பண்ணைகளைக் கண்காணிக்க 2005-லேயே சட்டம் போட்டு, சென்னையில் தனி ஆணையம் வைத்தார்கள். ஆனால் அதன் அதிகாரம் கடலோரத்தோடு சரி. நாம் வாங்கும் கட்லா, ரோகு வளரும் உள்நாட்டுக் குளங்கள் அதில் வராது.

குளோராம்பெனிகால், நைட்ரோபியூரான் இரண்டையும் உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்குக் கொடுக்கக் கூடாதென்று 2025-ல் மத்திய அரசு தடை விதித்தது. நல்லது. தடை மட்டும் போதாது. மீன் செத்து மிதந்தால், கடன் வாங்கிய பண்ணைக்காரர் கடைக்காரர் கொடுத்ததைக் கொட்டத்தான் செய்வார். அவர்மீது பாய்வதைவிட, என்ன நோய் என்று பார்த்துச் சொல்ல மாவட்டத்துக்கொரு பரிசோதனைக்கூடம் வையுங்கள். சீட்டில்லாமல் மருந்து விற்கக் கூடாது. மருந்து போட்டு எத்தனை நாள் கழித்து மீன் பிடித்தார்கள் என்று கணக்கு இருக்க வேண்டும். உள்ளூர் மீன் கடையிலும் மாதிரி எடுக்க வேண்டும்.

கண்டபடி கொட்டினால் கிருமிகள் மருந்துக்குப் பழகிவிடும். நாளைக்குப் பேரனுக்குக் காய்ச்சல் வந்தால் மருந்து கேட்காது. கடல் தாண்டும் இறாலுக்குக் காட்டும் அக்கறையை நம் குழம்புச் சட்டிக்கும் காட்டச் சொல்லிக் கேட்போம்.