ஞாயிற்றுக்கிழமை போன்: “படிக்கப் போனியா, ஊர் சுத்தப் போனியா?”

திருப்பூரில் வாரம் முடிவது சனிக்கிழமைச் சம்பளத்தில்தான். காலை எட்டரைக்கு கம்பெனிக்குள் போய் இரவு எட்டரைக்கு வெளியே வரும் ‘ஒன்றரை ஷிப்ட்’ பழகிய ஊர் அது. சம்பளம் கைக்கு வந்ததும் மளிகைக் கடை, பேக்கரி, துணிக்கடை எங்கும் கூட்டம். ஞாயிறு காலை கறிக்கடையில் வரிசை, மதியம் ஒரு தூக்கம். அவசர ஷிப்மென்ட் இருந்தால் அந்தத் தூக்கமும் போச்சு.

அந்த ஞாயிறு மதியத்தில்தான் பல வீடுகளுக்கு, வெளிநாட்டில் படிக்கும் பிள்ளையிடமிருந்து வீடியோ கால் வரும். முந்தின வாரம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வந்த போட்டோ அம்மாவின் மனதில் இருக்கும். நதிக்கரை, நாலு நண்பர்கள், கையில் ஐஸ்கிரீம்.

“படிக்கப் போனியா கண்ணு, ஊர் சுத்தப் போனியா?”

அம்மா விளையாட்டாகத்தான் கேட்கிறார். ஆனால் கல்விக் கடன் நினைப்பு இரண்டு பக்கமும் இருக்கிறது. “இல்லீங்கம்மா, சும்மா அரை மணி நேரம்தான்” என்று பதில் வரும். அடுத்த வாரத்திலிருந்து அம்மா கண்ணில் படாதபடி ஸ்டேட்டஸ் மறைக்கப்படும்.

அந்த ஒரு போட்டோவுக்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது?

ஜெர்மனியின் மேற்கு ஓரத்தில், நெதர்லாந்து எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் மோன்ஷன்கிளாட்பாக் நகரத்தை எடுத்துக்கொள்வோம். பருத்தி ஆலைகளால் ‘ரைன்லாந்தின் மான்செஸ்டர்’ என்று பெயர் வாங்கிய ஊர். சாயப்பட்டறைக்காரர்களுக்குத் தெரிந்த ஸ்டென்டர் மெஷின்களைச் செய்யும் மான்ஃபோர்ட்ஸ் நிறுவனம் 1884-ல் தொடங்கியது இங்கேதான். ஆலைகள் பெரும்பாலும் மூடிவிட்டன. ஜவுளிப் படிப்பு மட்டும் நீடர்ரைன் பல்கலைக்கழகத்தில் தொடர்கிறது. பனியன் தொழிலைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அந்நியமாகத் தோன்றாத ஊர்.

அரசுப் பல்கலைக்கழகம் என்பதால் அங்கே படிப்புக் கட்டணம் கிடையாது. ஆனால் விசாவுக்கு ஒரு வருடச் செலவுப் பணத்தை முன்கூட்டியே வங்கியில் போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து அந்தத் தொகை 11,904 யூரோ, சுமார் 12 லட்சம் ரூபாய். மாதம் 992 யூரோதான் கைக்கு வரும். வாடகை, இன்சூரன்ஸ், சாப்பாடு எல்லாம் அதற்குள். பகுதிநேர வேலைக்கும் அளவு உண்டு: வருடத்துக்கு 140 முழு நாட்கள். ஆகவே சனிக்கிழமை பகலில் பலர் குடோனில் பார்சல் அடுக்குகிறார்கள், ஓட்டலில் தட்டு கழுவுகிறார்கள். அந்த வேலைக்கு யாரும் ஸ்டேட்டஸ் போடுவதில்லை.

வேலை முடிந்து ஓடுவது சூப்பர் மார்க்கெட்டுக்கு. ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியில் கடை திறக்காது. ஞாயிறு ஓய்வு நாள் என்பதை 1919-ம் ஆண்டு அரசியல் சட்டத்திலேயே எழுதி, 1949-ம் ஆண்டு சட்டத்திலும் அப்படியே வைத்துக்கொண்ட நாடு அது. சுவரில் டிரில் போட்டால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். காலிக் கண்ணாடி பாட்டில்களைப் பொதுத் தொட்டியில் சத்தத்தோடு போடுவதற்கும் அன்று தடை. இது தெரியாமல் முதல் ஞாயிறன்று பாலும் இல்லாமல், ரொட்டியும் இல்லாமல் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

சனிக்கிழமை ராத்திரி ஹாஸ்டல் பொதுச் சமையலறையில் அரிசியும் பருப்பும் சாதம் கொதிக்கும். ஒரே பாத்திரம், செலவு கம்மி, கொங்கு நாட்டுப் பிள்ளைக்குக் கண்ணை மூடிக்கொண்டு செய்ய வரும். ஜவுளி படிக்க வந்தவர்கள் என்பதால் வங்கதேசத்துப் பையனும் துருக்கிப் பெண்ணும் அதே மேசைக்கு வந்து உட்காரலாம். ஊரில் “ஆர்டர் டாக்காவுக்குப் போயிடுச்சு” என்ற புலம்பலைக் கேட்டு வளர்ந்தவன், டாக்காக்காரன் தட்டில் ஊறுகாய் வைப்பான்.

ஞாயிறன்று அவர்கள் செய்வது பெரும்பாலும் நடப்பதுதான். ஊருக்குள்ளேயே ‘புன்டர் கார்டன்’ என்ற பெரிய பூங்கா இருக்கிறது, காசு வேண்டாம். செமஸ்டர் கட்டணத்தோடு ரயில் சீட்டும் சேர்ந்து வருவதால் மாநிலத்துக்குள் சுற்ற டிக்கெட் செலவும் இல்லை. மோன்ஷன்கிளாட்பாக் வழியாகப் போகும் ஆர்.இ.13 ரயிலில் ஒரு பக்கம் போனால் நெதர்லாந்தின் வென்லோ. அங்கே ஞாயிறும் கடை உண்டு. மறுபக்கம் டுசல்டோர்ஃப் நகரின் ரைன் நதிக்கரை. அதே ரயில் கடைசியில் நிற்கும் ஊர் ஹாம். அங்கே ஈழத் தமிழர்கள் எழுப்பி, 2002-ல் குடமுழுக்கு நடந்த காமாட்சி அம்மன் கோயில் இருக்கிறது. கோடையின் தொடக்கத்தில் தேர்த் திருவிழா வந்தால் ஐரோப்பா முழுவதிலுமிருந்து தமிழர்கள் கூடுகிறார்கள். டப்பாவில் புளிசாதம் கட்டிக்கொண்டு கிளம்பினால் ஒரு நாள் கழிந்துவிடும்.

அம்மா பார்த்த போட்டோ அப்படி ஒரு நாளில் எடுத்ததுதான். அதில் பெரிய செலவு அந்த ஐஸ்கிரீம்.

பயப்பட வேண்டியது போட்டோ வராத ஞாயிறுகளைப் பார்த்து. குளிர்காலத்தில் மாலை நாலரைக்கே இருட்டிவிடும். கடை இல்லை, தெருவில் ஆள் இல்லை. கூட நடக்க ஒரு நண்பனும் இல்லை என்றால், அறைக்குள் அந்த ஒரு நாள் ஒரு வாரம் போல நீளும். நண்பர்களோடு சிரிக்கும் படம் வந்தால், பிள்ளை அங்கே தனியாக இல்லை என்று அர்த்தம்.

சிரிப்பை மறைக்கப் பழகும் பிள்ளை, நாளை காய்ச்சலையும் மறைக்கும், பரீட்சையில் தவறியதையும் மறைக்கும். வாரமெல்லாம் மெஷினில் உட்கார்ந்த முதுகுக்கு ஞாயிறு மதியத் தூக்கம் எவ்வளவு பெரியது என்று திருப்பூர் அம்மாவுக்குத் தெரியாததா? பிள்ளைகளும் நதிக்கரையை மட்டும் காட்டாமல், சனிக்கிழமை குடோனையும் ஒரு தடவை காட்டலாம்.

ஜெர்மனியில் நடுப்பகல் ஆகும்போது திருப்பூரில் கோடையில் மணி மூன்றரை, குளிர்காலத்தில் நாலரை. தூங்கி எழுந்து டீ போடும் நேரம். இந்த வாரம் போன் வந்தால் கேள்வியை மட்டும் கொஞ்சம் மாற்றிப் பார்க்கலாம்:

“யாரு கூடப் போனே கண்ணு? என்ன கட்டிட்டுப் போனீங்க?”